அப்பத்தாவைச் சிரிக்க வைக்காதீங்க

செட்டிநாட்டுல மறுபடியும் ஒரு பிளெக்ஸ். அறுபதாங்கல்யாணம், மண்டப வாசல், பத்தடி உயரத்துக்கு அந்த வீட்டு அப்பத்தாவோட கல்யாணப் படம். கன்னத்துல ரோஸ், பல்லு தெரியச் சிரிப்பு. கீழே 'கள்ளங்கபடமில்லாத கிராமத்து முகம்'னு எழுதியிருக்கு.

அசல் படத்துல அந்தப் பிள்ளைக்கு 13 வயசுக்கு மேல இருக்காது. உதட்டை இறுக்கி, தோளைக் குறுக்கிக்கிட்டு நிக்குது. பயந்துபோன முகம். பயப்படாம என்ன செய்யும்? மாப்பிள்ளை பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பண்ணப் போனா மூணு வருஷக் கணக்கு முடிச்சுத்தான் ஊர் திரும்புவார். அந்த முகத்துல இருந்த ஒரே உண்மையைத் துடைச்சு எறிஞ்சுட்டு, அதுக்கு மேல சிரிப்பை வரைஞ்சு வச்சிருக்காங்க.

செஞ்ச விதத்தைக் கேளுங்க. முகப்புல தொங்குன படத்தை இறக்கி, பின்பக்கத்து ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியிலேர்ந்து படத்தை உரிச்சிருக்காங்க. உரிக்கலாமாய்யா? பழைய படத்துல உருவம் இருக்கிறது தாள் மேல பூசின ஜெலட்டின் படலத்துல. மழைக்கால ஈரம் ஏறி ஏறி அது இளகி, கண்ணாடியோட ஒட்டிப்போயிருக்கும். இழுத்தா தாள் கைக்கு வரும், முகம் கண்ணாடியிலேயே நின்னுடும். இடது கன்னம் அப்படித்தான் போச்சு. ஒட்டின படத்தைக் கண்ணாடியோடயே விடணும். தண்ணி விட்டு ஊறவைக்கவும் கூடாது. ரெண்டு விளக்கை இடமும் வலமும் 45 டிகிரி சாய்ச்சு வச்சு, கேமராவை நேரா நிறுத்தி, கண்ணாடியில கேமராவோட பிம்பம் விழாம, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட கறுப்புத் துணியை முன்னால தொங்கவிட்டுப் படம் எடுத்தாப் போதும். ஒட்டாம இருந்தா மட்டும் வெளியே எடுத்து 600 டிபிஐயில ஸ்கேன் செய்யணும்.

இவங்க கிழிஞ்சதை டியூப்லைட்டுக்குக் கீழே வச்சு, போன்ல எடுத்து, பழைய படத்தைப் புதுசாக்குற ஆப்புக்குக் கொடுத்துட்டாங்க. ஆப்புக்கு அப்பத்தாவை எப்படித் தெரியும்? போன கன்னத்துக்கு எவளோ ஒருத்தியோட கன்னத்தை ஒட்டிடுச்சு. கலர் கொடுத்த கொடுமை அதுக்கு மேல. அந்தக் காலத்துல கேமராவுக்குள்ள வச்ச கண்ணாடி பிளேட்டு பெரும்பாலும் சிவப்பை வாங்காது, சிவப்பெல்லாம் கறுப்பாத்தான் விழும். அரக்குக் கண்டாங்கிச் சேலை கறுப்பா விழுந்திருக்கும். ஆப் அதை நேவி ப்ளூ ஆக்கிடுச்சு. நெத்திக் குங்குமத்தைக் கறைன்னு அழிச்சுடுச்சு. செட்டிநாட்டுக் கல்யாணத் தாலியான கழுத்திருவோட விரல் விரலான உருக்களைக் கரைச்சுப் பாசிமணி மாலையாக்கிடுச்சு. கழுத்திருவைக்கூடவா அந்த வீட்டுல ஒருத்தரும் கவனிக்கல?

இந்தப் புத்திக்கு உரம் போட்டது நம்ம கிராமத்துக் கதைகள். கிராமம்னா ஒரு ஆறு, ஒரு ஆலமரம், ஒண்ணும் தெரியாத ஒரு கிழவி. இந்தப் பக்கம் ஆறு எங்கய்யா இருக்கு? வானம் பார்த்த செம்மண்ணு. ஓட்டுல விழுற மழையை வீட்டு நடுவுல இருக்கிற வளவு முற்றத்துல பிடிச்சு, ஊருணியைக் காவல் காத்துப் பிழைச்ச ஊருங்க. ரங்கூன் வட்டியும் பினாங்கு வட்டியும் இங்க அந்தஸ்து, சண்டை, சம்பந்தம் எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுல புகுந்ததும் எத்தனையோ வீடு ஒரே வருஷத்துல சரிஞ்சுது. பெட்டகச் சாவியை இடுப்புல செருகி, புருஷன் இல்லாத வீட்டை நிர்வாகம் பண்ண பொம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாதா? பழைய படத்துல ஆச்சிமாரைப் பாருங்க. கணக்குக் கேட்கிற கண்ணு. எழுதுறவங்க அந்தக் கண்ணைப் பார்த்துட்டு எழுதட்டும், அப்புறம் வெள்ளந்திங்கிற வார்த்தையை எழுதக் கை வருதான்னு பார்ப்போம்.

இன்னொண்ணு. அதே வீட்டுல விசேஷத்துக்குன்னு தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு மேல ஆசிட் ஊத்திக் கழுவியிருக்காங்க. அது சிமெண்டும் மணலும் கலர்ப்பொடியும் சேர்த்துக் கண்ணாடி மேல வார்த்த கல்லுய்யா. ஆசிட் சிமெண்டையே தின்னும், பூவும் கொடியும் வெளுத்துப் போகும். ஈரத்துணியால துடைச்சு, தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தேய்ச்சா மின்னும். கூட்டிப் பெருக்குற அக்காவைக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்கும். யாரும் கேட்கல.