திருவள்ளுவரும் கெட்ட வார்த்தை பேசினாராம்

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. காய்ச்சலோ, படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாளோ என்று தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றவில்லை. போய்ச் சேர்ந்தால், ஆறாம் வகுப்பு படிக்கிற என் மகள் கெட்ட வார்த்தை பேசிவிட்டாளாம்.

என்ன வார்த்தை என்று கேட்டேன். டீச்சர் வாயால் சொல்ல மாட்டேன் என்கிறார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார். மயிர்.

எங்கே பேசினாள்? குறள் ஒப்புவித்தல் போட்டிக்கான ஒத்திகையில்.

மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார்
உயிர்நீப்பர் மானம் வரின்.

தொண்ணூற்றேழாவது அதிகாரம், மானம், 969ஆவது குறள். இரண்டு வாரமாக அடுப்படியில் என் பின்னாலேயே நடந்து நடந்து மனப்பாடம் பண்ணியிருந்தாள். (கவரிமா மானா, பனிமலை எருமையா என்று ஒரு சண்டை உண்டு. அதை இப்போது இழுத்தால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க மாட்டேன்.) அவள் முதல் சொல்லைச் சொன்னதும் மலையாளம் பேசும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். ஒரு பையன் பெஞ்சைத் தட்டினானாம். இவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அப்படியே நின்றிருக்கிறாள்.

நாங்கள் இருப்பது களியக்காவிளைப் பக்கம். பள்ளி கேரள எல்லையைத் தாண்டி, பாறசாலைக்குப் போகிற வழியில். இரண்டு பாஷைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே அதைத் தலைமுடிக்குச் சொல்ல மாட்டார்கள், சண்டை மூத்தால்தான் எடுப்பார்கள். சரி, பிள்ளைகள் சிரித்தார்கள், பிள்ளைகள்தானே. பெரியவர் என்ன செய்ய வேண்டும்? "இது தமிழில் முடி, நீங்களும் கோள்மயிர் என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அதே மயிர்தான்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் சிரிப்பு அடங்கியிருக்கும். புல்லரிப்பதற்கு மலையாளத்தில் அதுதானே நல்ல சொல்? நாமும் மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதுகிறோம். பேப்பரில் 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று போடுகிறார்கள், யாரும் பேப்பர்காரனைப் பிடித்து உள்ளே போடவில்லை.

டீச்சர் பாவம் நல்லவர்தான். "குட்டிகள் சிரிக்குந்நு சேச்சி, வேறே ஒரு குறள் எடுத்தூடே?" என்று கெஞ்சலாகத்தான் கேட்டார். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

கோபம் வந்தது அடுத்த நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே, முற்றத்து மாமரத்தடியில் பெற்றோர் சங்கத் தலைவர் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, மடித்துக் கட்டு, ஒரு கையில் கார் சாவி. தேங்காய் வெட்ட வருகிறேன் என்ற ஆள் வரவில்லை போலிருக்கிறது. முதலில் அந்த ஆளின் தள்ளையை, அதாவது அம்மாவை, இழுத்தார். அப்புறம் சகோதரியை. அதுவும் போதாமல் அவர் சாதிப் பேரை எடுத்து, அதையே ஒரு வசவாக்கி, மூன்று தடவை, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மரத்தடியில் யூகேஜி பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு ஆயா சிரித்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவரும் கேட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "அவர் அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாது" என்றார்.

மனசில் ஒன்றும் கிடையாதாம். என் மகள் மனசில் மட்டும் என்ன இருந்ததாம்? கவரிமா இருந்தது!

எனக்கு இதுதான் எரிகிறது. எது கெட்ட வார்த்தை என்பதை வார்த்தையை வைத்து யாரும் தீர்மானிப்பதில்லை. யார் வாய், யார் காது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னால் அது கோபம். தேங்காய் வெட்டுகிறவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்டேஷன். பதினொரு வயதுப் பெண் குறள் சொன்னால் அம்மாவைக் கூப்பிடு.

சட்டத்துக்காவது இந்த விஷயத்தில் கொஞ்சம் எடை தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கம் வேலித் தகராறோ ஓடைத் தகராறோ, எஃப்ஐஆரில் பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி) பெரும்பாலும் இருந்தது, பொது இடத்தில் ஆபாச வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 296. அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெறும் வசவெல்லாம் தானாகவே ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றமே 2024 மார்ச்சில் ஒரு வழக்கில் சொல்லியாகிவிட்டது. ஆனால் பட்டியல் சாதிக்காரர் ஒருவரைப் பொதுவெளியில் சாதிப் பேர் சொல்லி ஏசினால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். குறைந்தது ஆறு மாதம், ஐந்து வருஷம் வரை போகலாம். போனில் ஏசினால் எப்படி என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். எது கனத்த சொல் என்று சட்டப் புத்தகத்துக்குத் தெரிகிறது, பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லை.

நான் ஒன்றும் வாய் சுத்தக்காரி இல்லை. ஊசி முறிந்தால் "சவம்!" என்பேன். கரண்ட் போனால் அதற்கு மேலேயும் வரும். எங்கள் பாட்டி வாயைத் திறந்தால் சவத்து மூதி, எடுவட்ட பய, பேதியில போவான். ஆட்டுக்கும் அதுதான், மருமகனுக்கும் அதுதான். யோசித்துப் பாருங்கள், பேதியில் போ என்றால் வாந்திபேதி வந்து சாகு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் காலியாக்கிய நோய். அதை ஒரு கிழவி பேரன் தலையைத் தடவிக்கொண்டே சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், "பாட்டி வாய் பொன் வாய்" என்பார்கள். அதே பாட்டி, என் சித்தி ஒரு தடவை பால்காரனோடு சண்டையில் 'மயிரு' என்றதற்கு வாரியலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். "பொம்பளப் பிள்ள வாயில வாற வார்த்தையாட்டீ இது?" பால்காரன் சித்தியை என்ன சொல்லி ஏசினான் என்று கடைசி வரைக்கும் அவள் கேட்கவே இல்லை.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்துப் பாஷையில் ஏசினால் பாவம் ஒட்டாது. எங்கள் வீட்டிலேயே ஒருத்தன், என் கொழுந்தன், திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறான். சொந்த ஊர் பஸ்ஸில் யாராவது ஏசினால் முகம் சுளிப்பான், லேடீஸ் இருக்காங்க என்பான். வீட்டுக்கு வந்து கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தந்தைக்கு விளி, தள்ளைக்கு விளி எல்லாம் அருவி மாதிரி கொட்டும். கேட்டால், "மைனி, அது மலையாளமில்லா!" அங்கே இருப்பவர்களுக்கும் இதேதான். பட்டி என்றால் அவர்களுக்கு நாய், ஏச எடுக்கிற சொல். ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி என்று போர்டைப் படித்துப் படித்துச் சிரிப்பார்கள். நம் பையன்கள் எதையாவது பாராட்டத் 'தெறி' என்பார்கள், அங்கே தெறி என்றாலே கெட்ட வார்த்தை. 1956 நவம்பர் 1இல் கோடு கிழித்து விளவங்கோட்டை இந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரையை அந்தப் பக்கமும் விட்டார்கள். வார்த்தைகளுக்கு யாரும் செக்போஸ்ட் போடவில்லை. இது தெரிந்த ஊரில், இத்தனை வருஷம் இரண்டு பாஷையையும் காதில் வாங்கி வளர்ந்த ஆட்கள், ஒரு குறளைக் கேட்டு நெளிகிறார்கள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

டீச்சரிடம் சொன்னேன், "குறளை மாத்த மாட்டோம் டீச்சர். பிள்ளைகளுக்கு நீங்க அர்த்தம் சொல்லிக் குடுங்க." அவர் தலையாட்டினார். நானும் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்து மிச்சப் பிளவுஸைத் தைத்தேன்.

சாயங்காலம் மகள் டைரியை நீட்டினாள். குறள் மாற்றியாகிவிட்டது. புதுக் குறள் அழகான கையெழுத்தில்: யாகாவா ராயினும் நாகாக்க.

போட்டி வெள்ளிக்கிழமை. பரிசு கொடுப்பது பெற்றோர் சங்கத் தலைவராம்.