வில்லனுக்குக் கை தட்டாதீர்கள், ஐயா!

ஞாயிற்றுக்கிழமை மல்யுத்த ஆட்டத்தின் மூன்றாவது சுற்று. மூலைக் கம்பத்தின் மெத்தை உறை கழன்று தொங்குகிறது. நடுவர் அதைக் கட்டுவதற்காக முதுகைக் காட்டித் திரும்புகிறார். முதல் மணி அடித்ததிலிருந்து வில்லன் காத்திருந்தது இந்த ஒரு கணத்துக்காகத்தான். எதிராளியின் கண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறான். என் பக்கத்தில் இருந்த அக்கா மகனுக்கு ஒன்பது வயது. நாற்காலிமேல் ஏறி நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "நடுவரே, திரும்பிப் பாருங்கள்! திரும்பிப் பாருங்கள்!" என்று அலறினான்.

பின்வரிசையில் இருந்த தாடிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கை தட்டினார். அதுவும் ஆவேசமாக அல்ல. சபாவில் ஒரு நல்ல பிருகாவுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே தட்டுவார்களே, அப்படி. "அருமை. அசல் பழைய பாணி" என்று நண்பரிடம் சொன்னார். அவரைச் சுற்றி இருபது பேர் தட்டினார்கள். கண்ணில் குத்தியவனுக்குப் பாராட்டு. குத்து வாங்கியவன் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறுகிறான், அவனுக்காகக் கத்த ஒரே ஒரு சிறுவன்.

"மாமா, அவன் ஏமாற்றுகிறான். இவர்கள் ஏன் கை தட்டுகிறார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கோபம் மட்டும்தான் கிடைத்தது. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

மே மாத வங்கி விடுமுறை வார இறுதி அது. இரண்டு நாளில் மூன்று மல்யுத்த நிகழ்ச்சிகள் என்று நானே திட்டம் போட்டேன், மூன்றுக்கும் நானே டிக்கெட் வாங்கினேன். பிரிட்டனில் விடுமுறை வார இறுதி என்றால் தண்டவாளத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் மறந்துபோனது. ஒன்றரை மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமானது. இரவு நிகழ்ச்சி அறிவித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் கழித்துத் தொடங்கியது. வெளியே வரிசையில் நின்றபோது மழை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சிறிய அமைப்புகள், கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். காலையில் லாரியிலிருந்து பலகையையும் இரும்புச் சட்டத்தையும் இறக்கி மேடை கட்டியவரே மாலையில் அதன்மேல் முதுகடிபட விழுவார். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் சண்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களோடு.

முதல் நிகழ்ச்சி சனிக்கிழமை மதியம், கடலோரச் சிற்றூர் ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில். தரையில் பூப்பந்துக் கோடுகள். முன்னூறு பேர் இருந்திருப்பார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். வில்லன் வந்தான். பெரிய சாகசம் எதுவும் செய்யவில்லை. ஒலிவாங்கியை வாங்கி, ஊர்ப் பெயரை வேண்டுமென்றே தப்பாக உச்சரித்தான். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று! எனக்கு முன்வரிசையில், எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி கைத்தடியை நீட்டி அவனை மிரட்டினார். அவன் பயந்ததுபோல இரண்டடி பின்வாங்கினான். பாட்டியின் முகத்தில் வந்த வெற்றிக் களை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த நாட்டு மல்யுத்தம் பிழைத்ததே அப்படிப்பட்ட பாட்டிகளால்தான். 1950-களின் நடுவிலிருந்து 1988 வரை ஐ.டி.வி. தொலைக்காட்சியில் மல்யுத்தம் வந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணி, கால்பந்து முடிவுகளை வாசிப்பதற்கு முன்பு, நாடு முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் மிக் மெக்மேனஸ் என்று ஒருவர் இருந்தார். உயரம் குறைவு, கறுகறுவென்று படிய வாரிய முடி, மேடையில் சரியான அயோக்கியன். நடுவர் திரும்பினால் ஒரு குத்து, பார்த்தால் 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்று கையை விரிப்பார். ஆனால் தன் காதை யாராவது தொட்டுவிட்டால் போதும், கூச்சலிடுவார். "காதை மட்டும் வேண்டாம்!" என்பது அவருடைய முத்திரை வசனம். அரங்கம் மொத்தமும் 'காதைப் பிடி, காதைப் பிடி' என்று கெஞ்சும். கைப்பையால் மல்யுத்த வீரர்களை அடித்த பாட்டிகளைப் பற்றி அந்தத் தலைமுறையினர் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த மனிதருக்கு யாரும் 'அருமையாக ஏமாற்றினீர்கள்' என்று கை தட்டவில்லை. தட்டியிருந்தால் அவர் பிழைப்பு அன்றே போயிருக்கும்.

தாடிக்காரர் 'பழைய பாணி' என்றாரே, அந்தப் பாணியின் சூட்சுமமே இதுதான். பழைய பிரிட்டிஷ் விதிகளில் ஆட்டம் சுற்றுச் சுற்றாக நடக்கும். இரண்டு தோளும் தரையில் படும்படி இரண்டு முறை வீழ்த்த வேண்டும், அல்லது இரண்டு முறை பணிய வைக்க வேண்டும், அல்லது எழ முடியாதபடி ஒரேயடியாகச் சாய்க்க வேண்டும். தப்பாட்டம் ஆடினால் பகிரங்க எச்சரிக்கை; மூன்றாவது எச்சரிக்கையோடு ஆட்டம் பறிபோகும். இத்தனை கட்டுப்பாடு எதற்கு? வில்லன் மீறுவதற்காகத்தான். நடுவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அநியாயம் கண்முன்னே நடக்கிறது, சொல்லத் துடிக்கிறோம், கேட்க ஆளில்லை. அந்தத் துடிப்பு சுற்றுக்குச் சுற்று ஏறி, கடைசியில் நாயகன் திருப்பிக் கொடுக்கும் ஒரே ஒரு அறையில் வெடிக்கும். காசு கொடுத்து நாம் வாங்குவது அந்த வெடிப்பைத்தான். முதல் குத்துக்கே கை தட்டிவிட்டால் பிறகு வெடிக்க என்ன மிச்சம் இருக்கும்?

தெருக்கூத்தில் துச்சாதனன் சேலையில் கை வைக்கும்போது 'பலே, நல்ல நடிப்பு' என்று யாராவது எழுந்து நின்று தட்டினால், ஊர்ப் பெண்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வரமாட்டார்களா? நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? வேடம் கட்டியிருப்பவன் பக்கத்து ஊர்க்காரன் என்றுகூடத் தெரியும். தெரிந்தும் பதறுகிறார்கள்.

சனிக்கிழமை இரவு லண்டனில் நடந்த நிகழ்ச்சிக்குச் சிறுவனை அழைத்துப் போகவில்லை, நல்லவேளை. அறிவிப்பாளர் 'இது ஒரே வீழ்த்தலில் முடியும் ஆட்டம்' என்று சொல்லத் தொடங்கும்போதே எழுநூறு பேர் "ஒரே வீழ்த்தல்!" என்று எதிரொலித்தார்கள். அது இங்கே பழகிப்போன சடங்கு, எனக்கும் பிடிக்கும். கால்பந்து மெட்டில் வீரரின் பெயரை வைத்துப் பாடுவதும் பிடிக்கும். கத்தாதே என்று நான் சொல்லவில்லை. கத்தத்தான் வேண்டும். ஆனால் யாருக்காக என்று ஒன்று இருக்கிறதே! நாயகன் வலியில் கிடக்கிறான், பத்து விநாடி அமைதியாக இருந்தால் அந்த வலி அரங்கத்தில் இறங்கும். அந்தப் பத்து விநாடியில் எங்கோ ஒருவர் நகைச்சுவை ஒன்றை எடுத்துவிடுவார். கூட்டம் சிரிக்கும். அவர் சுற்றும்முற்றும் பார்ப்பார், எத்தனை பேர் தன்னைக் கவனித்தார்கள் என்று. மேடையில் கிடக்கிறவன் கழுத்தைப் பணயம் வைத்துச் சேர்த்ததை இவர் ஒரு துணுக்குக்கு விற்றுவிட்டார்.

இன்னொரு கோஷம் உண்டு. "இந்த இருவருமே! இந்த இருவருமே!" என்று கை தட்டிப் பாடுவார்கள். அதாவது இரண்டு பேருமே நல்ல ஆட்டக்காரர்கள், எங்களுக்குப் பக்கம் இல்லை, நாங்கள் நடுநிலையான ரசிகர்கள். அடேயப்பா, என்ன பெருந்தன்மை! சண்டை பார்க்க வந்துவிட்டுப் பக்கம் எடுக்கமாட்டேன் என்றால், கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாயசத்தின் அடர்த்தியை மட்டும் அளந்துவிட்டு வருவதுபோல.

அளப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது, நட்சத்திரங்கள். அமெரிக்கச் செய்தி மடல் ஒன்றில் ஆட்டங்களுக்குக் கால் கால் நட்சத்திரமாக மதிப்பெண் போடும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்த வியாதி இப்போது எல்லாருக்கும் தொற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே தாடிக்காரர், ஐந்தாவது சுற்றின் நடுவில், நாயகன் எதிராளியின் பிடியிலிருந்து தப்பக் கயிற்றைப் பிடிக்க விரல் விரலாக நகர்ந்துகொண்டிருக்கும்போது, செல்பேசியைத் தட்டியபடியே "இப்போதைக்கு நாலே கால்" என்றார். இப்போதைக்கு! ஐயா, அந்த மனிதனின் கால் எதிராளியின் பிடியில் முறுகிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அது நாலே கால்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் யோக்கியன் அல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மல்யுத்தம் என்றால் எனக்கு ஊரில் பள்ளிக்கூடத்து மதிய இடைவேளையில் விளையாடிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுக்கட்டுதான். உயரம், எடை, மார்பளவு என்று சொல்லிச் சொல்லி எதிராளியின் சீட்டைப் பிடுங்குவோமே, அது. பிறகு 2012-இல் புராக்ரஸ் என்ற மல்யுத்த அமைப்பு லண்டனில் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கேம்டன் எலெக்ட்ரிக் பால்ரூம், பெத்னல் கிரீன் யார்க் ஹால் என்ற லண்டன் அரங்குகள் நிரம்பி வழிந்தன. வில் ஆஸ்பிரே, சாக் சேபர் ஜூனியர், பீட் டன் என்று பெயர்பெற்ற வீரர்கள் எல்லாரையும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பார்த்தோம். 2018 செப்டம்பரில் புராக்ரஸ் வெம்பிளியின் உள்ளரங்கத்துக்கே போனது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டோம். நான் அங்கே தொண்டை கிழியப் பாடினேன். யாரை வெறுக்கிறோம், யாரை விரும்புகிறோம் என்று தெரியாமல் பாடினேன். பாடுவதே இன்பமாக இருந்தது. 2020 ஜூனில், இந்தத் துறையில் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் நடந்த கொடுமைகள் வரிசையாக வெளியே வந்தபோதுதான் உறைத்தது: இத்தனை நாள் எங்கள் குரலையே நாங்கள் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறோம். மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. தாடிக்காரர்மேல் எனக்கு வரும் எரிச்சலில் பாதி என்மேலேயே வரவேண்டியது.

வீரர்களின் பங்கும் இல்லாமல் இல்லை. இப்போதைய வில்லன்களில் பலருக்கு வெறுக்கப்படுவதற்குத் துணிவில்லை. அழகாகக் குட்டிக்கரணம் அடித்துவிட்டு, பாராட்டு வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. ஓர் இரவு ஆடினால் கிடைக்கும் கூலி பலருக்குப் பெட்ரோலுக்கே சரியாகப் போய்விடும். இடைவேளையில் மேசை போட்டு டி-ஷர்ட் விற்றால்தான் கையில் ஏதாவது மிஞ்சும். வெறுக்கிறவனிடம் யார் டி-ஷர்ட் வாங்குவார்கள்? ஆகவே, பத்து நிமிடத்துக்கு முன் ஒருவன் முதுகில் நாற்காலியை இறக்கியவர், இடைவேளையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார். கடலோர ஊரில் பார்த்த வில்லன் மேசைப் பக்கமே வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பாட்டி கைத்தடியோடு பின்னாலேயே வந்திருப்பார்.

ஞாயிறு ஆட்டம் ஆறாவது சுற்றில் முடிந்தது. வில்லன்தான் ஜெயித்தான், கால்சட்டையைப் பிடித்து இழுத்து, கள்ளத்தனமாக. நடுவர் மூன்று எண்ணினார். பின்வரிசை எழுந்து நின்று கரவொலி எழுப்பியது. எங்கள் வரிசையில் சிறுவன் அழாத குறையாக, வில்லனைப் பழித்து "பூஊஊ" என்று கத்தினான். சரி, வருவது வரட்டும் என்று நானும் எழுந்து நின்று கத்தினேன். நாற்பத்தொரு வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து. தாடிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. பாவம், இவருக்கு இது நடிப்பு என்று தெரியாதுபோல என்று.

வெளியேறும் வழியில்தான் டி-ஷர்ட் மேசைகள். வில்லனும் அங்கே இருந்தார், தோளில் துண்டு, முன்னால் அடுக்கிவைத்த கறுப்புச் சட்டைகள். யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். சிறுவன் அவரைக் கண்டதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"அந்தப் பக்கம் போகவேண்டாம், மாமா."

அவர் நிமிர்ந்தார். சிறுவனின் முறைப்பைப் பார்த்தார். முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு அப்படியே இறங்கியது. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து, "என்னடா பார்க்கிறாய்?" என்று உறுமினார். சிறுவன் வீறிட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். அங்கிருந்து தலையை மட்டும் நீட்டி, "ஏமாற்றுக்காரன்!" என்று கத்தினான். அவனுக்கு அந்த வார இறுதி முழுக்கவே அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

தாடிக்காரர் இடையில் புகுந்து, இரட்டை எக்ஸ்எல் அளவில் இருக்கிறதா என்று கேட்டார்.