பை தூக்க ஒரு ஆள்

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்த்திராத எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஆளாளுக்கு போனைத் திறந்து டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் கோல்ஃப் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏல, பேர்டின்னா நல்லதா கெட்டதா?" என்று பக்கத்து வீட்டு மாமா மாடியில் இருந்து சத்தம் போட்டார். நல்லதுதான்: ஒரு குழிக்குக் குறித்த எண்ணிக்கையைவிட ஒரு அடி குறைவாகப் பந்தைப் போடுவது பேர்டி, கோல்ஃபில் அடி குறைந்தால்தான் முன்னிலை. ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில், அதாவது ஒரே அடியில், பதக்கத்தை விட்டு நாலாவதாக வந்தார் நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக். அன்றைக்குச் சாயங்காலமே நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கினார். அதிதி பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு மனதில் நின்றது அதிதியின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்த பெண்மணி. அவருடைய அம்மா.

அந்தப் பையில் 14 மட்டை வரைக்கும் இருக்கும். பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் தோளை இழுத்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு 18 குழியும் நடக்க வேண்டும், நாலு நாள், டோக்கியோவின் ஆகஸ்ட் வெக்கையில். நடுவே மட்டையைத் துடைத்துக் கொடுக்கணும், மகள் அடித்துக் கலைத்த மணலைச் சமன் செய்யணும். 2016 ரியோ ஒலிம்பிக்கில், அதிதிக்கு 18 வயது, அந்தப் பையைத் தூக்கியவர் அப்பா.

அதே 2016-ல் அதிதி இந்தியன் ஓபன் போட்டியை ஜெயித்து, ஐரோப்பாவின் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் தொடரான லேடீஸ் யூரோப்பியன் டூரில் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2017-லிருந்து அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ டூர். வெளியே இருந்து பார்த்தால் பளபளப்பு. ஆனால் இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான போட்டிகளில் முதல் இரண்டு நாளில் 'கட்', அதாவது அடுத்த சுற்றுக்குப் போக வேண்டிய எல்லைக்கோடு, தாண்டாவிட்டால் பரிசுப் பணத்தில் ஒரு பைசா வராது. போக்குவரத்து, தங்கும் செலவு நிற்கும். அடுத்த வாரம் வேறு ஊர், மறுபடி முதல் குழியில் இருந்து.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூன்றாம் நாள் 61 அடியில் முடித்து 7 ஸ்ட்ரோக் முன்னால் இருந்தவர், கடைசி நாள் 77 அடி எடுத்துக்கொண்டார். தங்கம் தாய்லாந்துக்குப் போனது. அந்த வெள்ளி, ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம். கோட்டை விட்டுட்டாள் என்றுதான் பேசினார்கள். அது அக்டோபர் 1. நவம்பர் முடிவதற்குள் ஸ்பெயின் ஓபனை ஜெயித்தார்! எனக்கு ஒலிம்பிக்கை விடவும் பெரிதாகப் படுவது இதுதான்.

"அது பெங்களூர்ல வசதியான வீட்டுப் புள்ளைல்லா" என்பார்கள். சரிதான், கோல்ஃப் காசு கேட்கும் விளையாட்டு, நெல்லைக்கு அது வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நம்மிடம் கபடி இருக்கிறது, கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரைக்கும் நம் பிள்ளைகள் பறக்கிறார்கள். பிளஸ் ஒன் வந்ததும் ஜெர்சி பரணுக்குப் போய்விடுகிறது. எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி கபடியில் மாவட்ட அளவு தாண்டினாள். "வெளியூருக்கு யாரு கூட போவா?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்தது. அவள் ஆட்டத்தை ஒரு நாள்கூட வீட்டில் யாரும் வந்து பார்த்ததில்லை.

முக்கூடல் பக்கம் ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். மகள் வாலிபால் பழகும்போது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவார். வெளியூர் மேட்ச் என்றால் முதல் நாள் ராத்திரியே கணக்குப் பீடியை முடித்துவிட்டுக் கூடவே பஸ் ஏறுவார். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரி அணியில் ஆடுகிறாள்.

எல்லா வீட்டாலும் அப்படி ஒரு நாள் கூலியை விட முடியாது. அதனால் பெண் பிள்ளைகளை வெளியூர் போட்டிக்கு அனுப்பும் பள்ளிகள், துணைக்கு வரும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பஸ் சார்ஜும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். எங்கள் பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். பாளை, மேலப்பாளையம், பேட்டை பக்கம் உள்ளவர்கள் உங்கள் பள்ளியிலும் கேளுங்கள். மனு மாதிரி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாங்க, அனுப்புகிறேன்.