ரீப்ளேவைத் தூக்கியது தப்புதான், ஆனால் பாரம்பரியத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் பிரதானச் சுற்றுகளில் இனி ரீப்ளே (டிரா ஆனால் வேறொரு நாளில் மறுபடி ஆடும் ஆட்டம்) கிடையாது என்று 2024-25 சீசனில் விதி மாறியதிலிருந்து ஒரே புலம்பல். "150 வருஷப் பாரம்பரியத்தைக் கொன்றுவிட்டார்கள்" என்கிறார்கள். ரீப்ளேவைத் தூக்கியது தப்பு என்பதுதான் என் கட்சியும். ஆனால் இந்த வழக்கில் பாரம்பரியத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள், கோப்பையின் முதல் சீசனை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வரலாம். அந்தச் சாட்சி எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

1871 ஜூலை 20. லண்டனில் 'தி ஸ்போர்ட்ஸ்மேன்' பத்திரிகை அலுவலகத்தில் எஃப்.ஏ. கமிட்டி கூடியது. சங்கத்தில் சேர்ந்த கிளப்புகளுக்கென்று ஒரு கோப்பை வைக்கலாம் என்று செயலாளர் சார்லஸ் ஆல்காக் யோசனை சொன்னார். அவர் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்குள் நடக்கும் 'தோற்றால் வெளியே' போட்டிதான் மாதிரி. சங்கத்தில் இருந்தவை சுமார் 50 கிளப்புகள். பெயர் கொடுத்தவை 15. கோப்பைக்கு ஆன செலவு ஏறக்குறைய 20 பவுண்டு. அதில் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் தன் பங்காக ஒரு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) போட்டது.

15 என்பது 16-க்கு ஒன்று குறைவு. நாக் அவுட் அட்டவணை போடத் தெரிந்தவருக்கு இது சுலபமான கணக்கு. ஒரு அணிக்குப் 'பை' (எதிரணி இல்லாமல் நேராக அடுத்த சுற்று) கொடுத்தால் 7 ஆட்டம், 8 அணி; அப்புறம் 4, 2, 1. ஒவ்வொரு மோதலிலும் ஒருவர் வெளியே போனால் 14 மோதலில் கதை முடியும். ஆனால் முதல் சுற்று முடிந்தபோது களத்தில் மிச்சம் இருந்தவர்கள் எட்டுப் பேர் இல்லை, பத்துப் பேர்.

எப்படி? ஹாம்ஸ்டெட் ஹீத்தன்ஸுக்குப் பை. ஹாரோ செக்கர்ஸ் விலகியதால் வாண்டரர்ஸுக்கு வாக் ஓவர் (ஆடாமலே வெற்றி). ரைகேட் பிரையரி விலகியதால் ராயல் இன்ஜினியர்ஸுக்கு வாக் ஓவர். பார்ன்ஸ், மெய்டன்ஹெட், கிளாப்பம் ரோவர்ஸ் மூவரும் ஆடி ஜெயித்தார்கள். இதுவரை ஆறு. கிரிஸ்டல் பேலஸும் ஹிட்சினும் கோலே இல்லாமல் டிரா செய்தன. இரண்டையுமே அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். குயின்ஸ் பார்க்கும் லிங்கன்ஷயரில் இருந்த டோனிங்டன் ஸ்கூலும் எங்கே எப்போது ஆடுவது என்று ஒத்துப்போக முடியவில்லை. அவையும் இரண்டும் உள்ளே. ஆகப் பத்து.

டிரா ஆனால் திரும்ப ஆடச் சொல்வதா, இரண்டு அணிகளையும் மேலே அனுப்புவதா என்பது அன்றைக்குக் கமிட்டியின் கையில் இருந்தது. இரண்டாம் சுற்றில் பார்ன்ஸும் ஹாம்ஸ்டெட் ஹீத்தன்ஸும் 1-1 டிரா. இங்கே ரீப்ளே வைத்தார்கள், ஹீத்தன்ஸ் 1-0 என்று ஜெயித்தது. ஒரே சீசன், ஒரே கமிட்டி, இரண்டு மாதிரித் தீர்ப்பு.

காலிறுதிக்கு வந்தவை ஐந்து. ஒற்றைப்படை. குயின்ஸ் பார்க்குக்குப் பை. இன்ஜினியர்ஸ் ஹீத்தன்ஸை 3-0 என்று அடித்து அனுப்பியது. வாண்டரர்ஸ், கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம் 0-0, இரண்டும் அரையிறுதிக்கு. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ரீப்ளே வைத்து இதில் ஒரு அணியை வெளியே தள்ளியிருந்தால் அரையிறுதிக்கு மூன்று அணிதான் மிஞ்சும், இன்னொரு பை தேவைப்பட்டிருக்கும். டிரா ஆனதால்தான் நான்கு என்ற எண்ணே சரியாக விழுந்தது. கமிட்டி கணக்குப் போட்டுச் செய்ததா, தற்செயலா என்பதை விடுங்கள். அட்டவணையைக் காப்பாற்றியது அந்த டிராதான்.

இப்போது குயின்ஸ் பார்க். முதல் இரண்டு சுற்றிலும் எதிரணி டோனிங்டன்தான். இரண்டாவது தடவை அந்தப் பள்ளி விலகிக்கொண்டது. காலிறுதியில் பை. அதாவது ஒரு பந்தைக்கூட உதைக்காமல் அரையிறுதி. கேலிக்குரிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் அரையிறுதிகள் எல்லாம் லண்டன் கென்னிங்டன் ஓவலில். கிளாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 400 மைல். பணம் வசூலித்துத்தான் ரயில் ஏறி வந்தார்கள். 1872 மார்ச் 5 அன்று வாண்டரர்ஸோடு 0-0. அங்கேயே தங்கி ரீப்ளேவுக்குக் காத்திருக்கவோ ஊருக்குப் போய்த் திரும்பி வரவோ காசில்லை. விலகினார்கள். வாண்டரர்ஸ் ஃபைனலுக்குப் போனது.

அதே அரையிறுதிக் கட்டத்தில் இன்ஜினியர்ஸும் கிரிஸ்டல் பேலஸும் 0-0 டிரா செய்து, மூன்று வாரம் கழித்து அதே ஓவலில் திரும்ப ஆடின. இன்ஜினியர்ஸ் 3-0. சாத்தமில் முகாம் இருந்த ராணுவ அதிகாரிகளுக்கும் தெற்கு லண்டன்காரர்களுக்கும் ரீப்ளே என்பது இன்னொரு சனிக்கிழமை. கிளாஸ்கோக்காரனுக்கு அதுவே வெளியேற்ற உத்தரவு. கோப்பை வரலாற்றில் ரீப்ளே ஏழைக்கு முதன்முதலில் செய்த காரியம் இதுதான்.

ஃபைனல் மார்ச் 16. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங், கூட்டம் சுமார் 2,000. கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கட்டை கிடையாது, நாடாதான். வலை கிடையாது, பெனால்ட்டி கிடையாது, மாற்று வீரர் கிடையாது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பக்கம் மாற வேண்டும். மைதானத்துக்குள் இரண்டு அம்பயர்கள். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் வெளியே நிற்கும் ரெஃப்ரியிடம் கேட்பார்கள். பந்தயக்காரர்கள் பணம் கட்டியது இன்ஜினியர்ஸ் மேல்தான், காரணம் அவர்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடிய ஆட்டம். ஆனால் ஆரம்பித்த பத்தாவது நிமிஷமே எட்மண்ட் கிரெஸ்வெல்லுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. மாற்று ஆள் இல்லாததால் வலியோடு களத்திலேயே நின்றார். 15-வது நிமிஷத்தில் வால்போல் விடால் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கொடுக்க, மார்ட்டன் பெட்ஸ் கோல் அடித்தார். 1-0. அதுவே முடிவு. பெட்ஸ் அன்று ஆடியது 'ஏ. எச். செக்கர்' என்ற புனைபெயரில். ஹாரோ செக்கர்ஸ்காரர் என்பதற்கான குறிப்பு அது. முதல் சுற்றில் வாண்டரர்ஸுக்கு எதிராக ஆட வேண்டியிருந்து விலகிய கிளப் அது! வாண்டரர்ஸ் கேப்டன் யார் தெரியுமா? போட்டியையே யோசனை சொன்ன அதே ஆல்காக்.

சாம்பியன் வாண்டரர்ஸ் மொத்தம் ஆடியது நான்கு ஆட்டம், ஜெயித்தது இரண்டு. தோற்ற இன்ஜினியர்ஸ் ஆடியது ஐந்து, ஜெயித்தது மூன்று. பெயர் கொடுத்த 15-ல் களம் இறங்கியவை 12. இந்த லட்சணத்தில் எந்தப் பாரம்பரியத்தைச் சொல்கிறீர்கள்?

பிற்காலத்திலும் ரீப்ளே என்பது ஒரே மாதிரி நின்ற விஷயம் இல்லை. முடிவு வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தார்கள். 1971-ல், கோப்பைக்குச் சரியாக நூறு வயதானபோது, தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபோர்ட் சிட்டியும் ஆறு ஆட்டம், மொத்தம் 11 மணி நேரம் ஆடித்தான் முடித்தன. ஆறாவதில் ஆல்வ்சர்ச் 1-0. 1991-92 முதல் ஒரே ஒரு ரீப்ளே, அதிலும் முடிவு வராவிட்டால் பெனால்ட்டி ஷூட் அவுட் என்று ஆனது. அதற்கு ரசனை மாற்றம் காரணமில்லை. மறு ஆட்டத்துக்கு முன்னால் பத்து நாள் அவகாசம் வேண்டும் என்று போலீஸ் கேட்டது. 1999-க்குப் பிறகு அரையிறுதியில் ரீப்ளே போனது. அப்புறம் காலிறுதி, அப்புறம் ஐந்தாம் சுற்று. மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். 2024-ல் மிச்சமிருந்ததையும் வெட்டினார்கள்.

அப்படியானால் எனக்கு ஏன் கோபம்? காசு. 1872-ல் ரீப்ளே யார் தலையில் செலவாக விழுந்ததோ, அதே ஜாதிக் கிளப்புக்கு இருபதாம் நூற்றாண்டில் அதுவே வரவாக மாறியது. செலவு கழித்த நுழைவு வசூலில் ஆளுக்கு 45 சதவீதம், மிச்சம் 10 பொது நிதிக்கு என்ற பங்கீடுதான் அந்த மாற்றத்தைச் செய்தது. சின்ன அணி சொந்த ஊரில் பெரிய அணியை டிராவில் நிறுத்தினால் ரீப்ளே பெரிய மைதானத்தில். அந்த வசூலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கைக்கு வரும்.

எக்ஸிடர் சிட்டியைப் பாருங்கள். 2005 ஜனவரியில் லீக்குக்கு (மேல் நான்கு டிவிஷன்களுக்கு) வெளியே, கடனில், ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருந்த கிளப். ஓல்ட் டிராஃபோர்டில் 67,000-க்கும் மேல் கூட்டத்தின் முன்னால் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தியது. சொந்த ஊர் ரீப்ளேயில் 0-2 தோல்வி. ஆனால் இரண்டு ஆட்ட வருமானம் கடன்காரர்களை அடைக்க உதவியது.

இனி 2025 ஜனவரி 12. ஐந்தாம் டிவிஷன் டாம்வொர்த், தன் செயற்கைப் புல் மைதானத்தில் டோட்டன்ஹாமை 90 நிமிஷமும் 0-0 என்று கட்டிப் போட்டது. பழைய விதியாக இருந்தால் 60,000 பேர் உட்காரும் டோட்டன்ஹாம் மைதானத்தில் ரீப்ளே, அந்த வசூலில் பங்கு. புது விதியில் உடனே கூடுதல் 30 நிமிஷம். சோன், குலுசெவ்ஸ்கி மாதிரி ஆட்களை பெஞ்சிலிருந்து இறக்கினார்கள். 0-3. பகுதி நேர ஆட்டக்காரர்கள் 90 நிமிஷம் ஓடி முடித்த காலோடு புதுக் கால்களை எதிர்கொள்ள வேண்டும். ரீப்ளே என்றால் பத்து நாள் ஓய்வாவது இருக்கும். ஆக இந்த விதி சின்ன கிளப்பின் பணத்தை மட்டும் எடுக்கவில்லை, ஆடி ஜெயிக்கும் வாய்ப்பையும் குறைத்தது. இதைப் பேசாமல் 'ரொமான்ஸ் போச்சே' என்று மூக்கைச் சிந்துவதால் எஃப்.ஏ.வுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

(அந்த சீசன் கோப்பையை, மே 17 அன்று மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று தூக்கியது கிரிஸ்டல் பேலஸ். 1872-ல் அரையிறுதி ஆடியதும் தாங்களே என்பது கிளப்பின் வாதம். 1905-ல் தொடங்கியது வேறு கிளப் என்பது எதிர்வாதம். அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.)

எஃப்.ஏ. தரப்பு சொல்லும் காரணம் பொய்யில்லை. 2024-25 முதல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டமே எட்டு ஆட்டம், ஜனவரி மாதத்தின் வார நடு நாட்கள் வரை நீள்கிறது. ரீப்ளேவுக்கு நாள் தேட வேண்டிய இடமும் அதே ஜனவரியின் வார நடு நாட்கள்தான். ஆனால் ஐரோப்பாவில் ஆடும் இங்கிலாந்து கிளப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. முதல் இரண்டு சுற்றில் பிரீமியர் லீக் (முதல் டிவிஷன்) கிளப்பே கிடையாது. அவை மூன்றாம் சுற்றில்தான் நுழைகின்றன. நவம்பரிலும் டிசம்பரிலும் நடக்கும் அந்த இரண்டு சுற்றில் ரீப்ளேவை எடுத்ததற்கு நாட்காட்டி எப்படிக் காரணமாகும்? அதை முதலில் திருப்பித் தரட்டும். மூன்றாம் சுற்றில் கீழ் டிவிஷன் அணி டிரா செய்தால், கூடுதல் நேரமா ரீப்ளேவா என்று அந்த அணியையே கேட்கலாம். ரீப்ளேவுக்கு நாளே இல்லை என்று பெரிய கிளப் சொன்னால், ரீப்ளே நடந்திருந்தால் வந்திருக்கும் 45 சதவீதத்தை மதிப்பிட்டுச் சின்ன கிளப்பின் கணக்கில் போட்டுவிட்டு அன்றைக்கே ஷூட் அவுட் வைத்துக்கொள்ளட்டும்.