உத்தரவு பெர்லினில், செலவு நகராட்சியில்

ஜெர்மனியில் எது தாமதமானாலும், எந்தத் திட்டம் சொதப்பினாலும், "இந்த 16 மாநிலங்களையும் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் பெர்லினே, அதாவது மத்திய அரசே, பார்த்துக்கொண்டால் என்ன?" என்று ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. அலுவலகத்தில் கேட்கிறேன், பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறேன், இங்குள்ள நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் பார்க்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. மாநிலங்கள் இருப்பதால் இந்த நாடு தடுமாறவில்லை. சட்டத்தை ஒருவர் போடுகிறார், வேலையை இன்னொருவர் தலையில் கட்டுகிறார், பணத்துக்கு மூன்றாமவர் அலைகிறார். கடைசியில் எதற்கு யாரைக் கேட்பது என்றே வாக்காளருக்குத் தெரிவதில்லை. 2006, 2009, 2017 என்று மூன்று பெரிய சீர்திருத்தங்கள் வந்தும் இந்த இடத்தில் யாரும் துணிந்து கை வைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கலைத்துவிடலாம் என்பவர்களுக்கு முதலில் ஒரு பதில். அது முடியாது. இந்நாட்டின் அரசியல் சாசனமான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், 79ஆம் பிரிவில், நாடு மாநிலங்களாகப் பிரிந்திருப்பதையும் சட்டம் இயற்றுவதில் மாநிலங்களுக்குப் பங்கு இருப்பதையும் எந்தப் பெரும்பான்மையாலும் நீக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. பூட்டியதற்குக் காரணம் உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சரியாக ஓராண்டில், 1934 ஜனவரியில், மாநிலச் சட்டமன்றங்கள் ஒழிக்கப்பட்டன. கிழக்கு ஜெர்மனி 1952இல் தன் ஐந்து மாநிலங்களைக் கலைத்து 14 மாவட்டங்களாக்கியது. அதிகாரத்தை ஒரே இடத்தில் குவிக்க நினைத்த இரண்டு ஆட்சிகளுக்குமே மாநிலங்கள் இடைஞ்சலாக இருந்தன. 1990இல் கிழக்கில் மாநிலங்கள் மீண்டும் உருவானதை அங்குள்ளவர்கள் எவ்வளவு பெருமையாகச் சொல்வார்கள் என்று பேசிப் பார்த்தால் தெரியும்.

சரி, சிக்கல் எப்படி வந்தது? இங்கே பெரும்பாலான சட்டங்களை மத்தியில் போடுகிறார்கள், நிறைவேற்றுவது மாநில அதிகாரிகள். அந்த அதிகாரிகள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதையும் மத்தியச் சட்டமே சொன்னால், மாநில அரசுகளின் அவையான பன்டஸ்ராட் ஒப்புதல் தர வேண்டும் என்பது பழைய விதி. 1969 நிதிச் சீர்திருத்தத்தில் மத்தியும் மாநிலமும் சேர்ந்து செய்யும் கூட்டுப் பணிகள், பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு வரிகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. காலப்போக்கில் பாதிக்கும் மேற்பட்ட சட்டங்களுக்குப் பன்டஸ்ராட்டின் சம்மதம் தேவை என்றாகிவிட்டது. மாநில முதல்வர்கள் தலைநகரில் பெரிய மனிதர்கள் ஆனார்கள், அவர்களுடைய சட்டமன்றங்களோ முடிவெடுக்க ஒன்றுமில்லாமல் ஒடுங்கின. 1997இல் அன்றைய சான்ஸ்லர் (நாட்டின் அரசுத் தலைவர்) ஹெல்முட் கோலின் வரிச் சீர்திருத்தத்தைச் சமூக ஜனநாயகக் கட்சி தன் மாநிலப் பெரும்பான்மையை வைத்து அங்கேதான் முடக்கியது.

இதைச் சரிசெய்ய 2003இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். தலைமை சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபிரான்ஸ் மியூன்டஃபெரிங், பவேரிய முதல்வர் எட்மண்ட் ஸ்டாய்பர். ஓராண்டுக்கு மேல் பேசி, 2004 டிசம்பரில் கல்வி அதிகாரம் யாருக்கு என்ற தகராறில் உடைந்தது. பிறகு இரு பெரிய அணிகளும் சேர்ந்த பெருங்கூட்டணி அமைந்ததால் 2006 செப்டம்பர் 1 அன்று சீர்திருத்தம் ஒருவழியாக நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் தேவைப்படும் சட்டங்கள் குறைந்தன. கடை அடைக்கும் நேரம், சிறைச் சட்டம், மாநில அரசு ஊழியர் சம்பளம் எல்லாம் மாநிலங்களுக்குப் போயின. இதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே வேகத்தில், பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு பணம் தருவதற்கும் ஏறக்குறையத் தடை போட்டுவிட்டார்கள். ஒத்துழைப்பையே சட்டத்தில் தடை செய்த அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அதன் விலையை நாங்கள் நேரில் பார்த்தோம். பள்ளிகளுக்குக் கணினி வசதி செய்ய 500 கோடி யூரோ தருவதாக மத்தியக் கல்வி அமைச்சர் 2016இல் அறிவித்தார். அதைக் கொடுக்க அடிப்படைச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. மாநிலங்கள் எதிர்த்தன, விவகாரம் சமரசக் குழுவுக்குப் போனது, 2019 வசந்தத்தில்தான் முடிந்தது. அடுத்த ஆண்டே கொரோனா. பள்ளிகள் மூடியபோது அந்தப் பணத்தில் மிகச் சிறு பகுதிதான் வகுப்பறையை எட்டியிருந்தது. என் மகளின் ஆசிரியை பாடத் தாள்களைத் தன் போனில் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார். பெற்றோர் கூட்டத்தில் கேட்டோம். கட்டடமும் கேபிளும் நகராட்சிப் பொறுப்பு என்றார் தலைமை ஆசிரியர். நகராட்சியில் கேட்டால், பள்ளி முதலில் டிஜிட்டல் கல்வித் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும், அதை வைத்து மாநிலத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம்தான் பெர்லின் பணம் என்றார்கள். ஆசிரியையோ மாநில அரசின் ஊழியர், அவருடைய மடிக்கணினி யார் கணக்கு என்பது தனி விவாதம். இவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்குச் சொன்ன எல்லாமே சட்டப்படி சரி. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

பள்ளிகளைப் பெர்லினிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? இல்லை. ஹாம்பர்க்கைப் பாருங்கள். அங்கே நாலரை வயதிலேயே எல்லாக் குழந்தைகளின் மொழித் திறனையும் பார்க்கிறார்கள். ஜெர்மன் போதாத குழந்தை பள்ளிக்கு முந்தைய ஆண்டில் கட்டாயமாகப் பயிற்சி பெற வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! தேசியத் தர ஒப்பீடுகளில் கீழே கிடந்த ஹாம்பர்க் மளமளவென்று மேலே வந்தது, இப்போது மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றுகின்றன. ஒரே அமைச்சகம் நாடு முழுவதையும் ஆண்டிருந்தால் இந்த முயற்சி தொடங்கியிருக்கவே தொடங்காது என்பது என் எண்ணம். மாநிலங்களின் உண்மையான பயன் இதுதான்: ஓரிடத்தில் செய்து பார்த்து, நன்றாக வந்தால் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வேறுபாட்டால் வலி இல்லை என்று சொல்லமாட்டேன். பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறு வருடம், பவேரியாவில் நான்கு. பெர்லினில் ஐந்தாம் வகுப்பில் நிம்மதியாக இருக்கும் குழந்தை, அப்பாவுக்கு மியூனிக்கில் வேலை கிடைத்ததால் இடம் மாறினால், அங்கே அதே வயதுப் பிள்ளைகள் ஏற்கெனவே பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் கிம்னாசியம், நடுத்தரப் பள்ளியான ரியால்ஷூல் என்று பிரிந்துவிட்டிருப்பார்கள். கிம்னாசியத்துக்கு நான்காம் வகுப்பில் மூன்று பாடங்களின் சராசரி 2.33க்குள் (இங்கே 1தான் சிறந்த மதிப்பெண்) இருக்க வேண்டும் என்பது பவேரியாவின் கணக்கு. தெரிந்த குடும்பம் ஒன்று இதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இதை மாநிலங்களே தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுத் தீர்க்கலாம். கல்வி அமைச்சர்கள் மாநாடு இந்தக் குடியரசைவிட மூத்தது, 1948இலிருந்து கூடுகிறது. மாறி வரும் பிள்ளைகளுக்கு ஓராண்டு சலுகைக் காலம் தருவதைக்கூட அதனால் பேசி முடிக்க முடியாதா?

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் மற்ற எல்லாமே அங்கேதான் வந்து முட்டுகிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு முழுநாள் பராமரிப்பு சட்டப்படியான உரிமை என்று 2021இல் மத்தியில் சட்டம் போட்டார்கள். 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிகிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அருமையான சட்டம், நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். கட்டடத்துக்கு மத்திய அரசு 350 கோடி யூரோ வரை தருகிறது. நடத்தும் செலவுக்கு அதன் பங்கு மெல்ல உயர்ந்து ஆண்டுக்கு 130 கோடியாகும். மீதி? மாநிலமும் நகராட்சியும் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையற்கூடம் கட்டுவது, மதிய உணவுக்கு இடம் பார்ப்பது, பராமரிப்பாளர்களைத் தேடுவது எல்லாம் நகராட்சியின் பாடு. இடம் கிடைக்காத பெற்றோர் சட்டத்தைப் போட்டவர் மேல் வழக்குப் போட முடியாது, தங்கள் ஊரின் இளையோர் நல அலுவலகத்தின் மேல்தான் போட முடியும். 2024இல் நாட்டின் உள்ளாட்சிகளுக்கு விழுந்த துண்டு 2,400 கோடி யூரோவைத் தாண்டியது. நீச்சல் குளம் மூடுகிறார்கள், நூலக நேரத்தைக் குறைக்கிறார்கள், திட்டு முழுவதும் மேயருக்கு.

மாநிலங்களாவது கொடுக்கலாமே என்றால், 2009 சீர்திருத்தம் கடன் தடையைக் கொண்டுவந்து, 2020 முதல் மாநிலங்கள் வழக்கமான காலத்தில் புதுக் கடனே வாங்கக் கூடாது என்றது. வரியாவது உயர்த்தலாமா? பெரிய வரிகளில் எதன் விகிதத்தையும் மாநிலச் சட்டமன்றம் தனியாக மாற்ற முடியாது. 2006இல் அவர்களுக்குக் கிடைத்தது வீடு, நிலம் வாங்கும்போது கட்டும் வரி மட்டும். அதைத்தான் பவேரியா 3.5 விழுக்காட்டில் வைத்திருக்க, நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் 6.5க்கு ஏற்றியது. வீடு வாங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும். 2017இல் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான நிதிப் பகிர்வை மாற்றியபோது மத்திய அரசு கூடுதலாக ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,000 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டு, பதிலுக்கு ஆட்டோபான் எனும் விரைவுச்சாலைகளின் நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. மாநிலங்கள் கை நீட்டி வாங்கின, பெர்லின் அதிகாரத்தை வாங்கியது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். செலவு வைக்கும் சட்டத்தை மத்திய அரசு போட்டால் அந்தச் செலவை அதுவே முழுதாக ஏற்க வேண்டும் என்று அடிப்படைச் சட்டத்தில் எழுத வேண்டும். மாநிலம் நகராட்சிக்குப் புதுப் பணி கொடுத்தால் ஈடு தர வேண்டும் என்ற விதி மாநில அரசியல் சட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசுக்குத்தான் அப்படி ஒரு கட்டு இல்லை. "யார் உத்தரவிடுகிறாரோ அவரே பணம் கட்டட்டும்" என்ற வாசகம் 2025 கூட்டணி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருப்பது போதாது, அடுத்த கூட்டணி வந்தால் அது வெறும் காகிதம்.

அடிப்படைச் சட்டத்தைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். 2025 மார்ச்சில் கிடைத்ததே! 18ஆம் தேதி நாடாளுமன்றம், 21ஆம் தேதி பன்டஸ்ராட். உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ சிறப்பு நிதி, அதில் 10,000 கோடி மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும். மாநிலங்களுக்கும் கொஞ்சம் கடன் வாங்க அனுமதி. அது கலையவிருந்த பழைய நாடாளுமன்றம் என்பதும், இன்றைய சபையில் ஆளும் கட்சிகளும் பசுமைக் கட்சியும் சேர்ந்தாலும் கணக்கு உதைக்கிறது என்பதும் உண்மைதான். அப்படியானால் இடதுசாரிக் கட்சியுடனும் உட்கார்ந்து பேசட்டும். நகராட்சிக் கருவூலம் காலியாவதில் கட்சி வேறுபாடு ஒன்றுமில்லை.

நாளும் குறித்தாகிவிட்டது. இப்போதைய நிதிப் பகிர்வை மறுபடி பேச வேண்டும் என்று 2030 முடிந்ததும் மத்திய அரசோ, மூன்று மாநிலங்கள் சேர்ந்தோ கோரலாம். அதிகம் கொடுக்கும் பவேரியா அதுவரை பொறுக்காமல் 2023லேயே அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அந்தப் பேச்சுவார்த்தை வழக்கம்போல முதல்வர்களும் சான்ஸ்லரும் நள்ளிரவில் முடிக்கும் பேரமாக இருக்கக் கூடாது. பன்டஸ்ராட்டில் ஒரு வாக்குகூட இல்லாத நகராட்சிகளையும் அந்த அறைக்குள் முதல் நாளிலிருந்தே உட்கார வைக்க வேண்டும்.