பதிவேடு போனாலும் படி இருக்கும்
கிராமத்துக் கிறிஸ்தவ ஆலயத்தின் பதிவேடு அழிந்துவிட்டால் முன்னோரைத் தேடும் வழி அடைபட்டுவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தில் 1598 முதல் ஒவ்வொரு ஊர் ஆலயமும் அந்தந்த ஆண்டின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் படியெடுத்து பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது விதியாக இருந்தது. என் கணவரின் முன்னோர் லிங்கன்ஷயரில் பண்ணைக் கூலிகள். அவர்கள் ஊர்ப் பதிவேட்டில் 1720களின் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மை கரைந்து கிடந்தன. பிஷப்புக்குப் போன படியிலோ அவருடைய கொள்ளுப்பாட்டிக்கும் மூத்த ஒரு பாட்டியின் ஞானஸ்நானம் பளிச்சென்று இருந்தது! கீழே பாதிரியாரின் கையெழுத்து. பக்கத்தில், எழுதத் தெரியாத ஆலயப் பொறுப்பாளர் ஒருவர் அழுத்தி இட்ட சிலுவைக்குறி. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1642இல் தொடங்கிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து 1660 வரை இந்தப் படிகளும் பெரும்பாலும் கிடைப்பதில்லை, அது உண்மைதான். நான் இப்போது அந்த இடைவெளியில்தான் நிற்கிறேன்.