அடைப்பு கரையாது, வலி குறையும்

கால்களை அழுத்தி இதயத்துக்கு ரத்தம் அனுப்பும் இஇசிபி (EECP) சிகிச்சை பற்றி ஒரு கட்டுரையில் படித்த "அடைப்பு நீங்கிவிடும்" என்ற வரி சரியில்லை. இதய ரத்தக்குழாயில் உள்ள அடைப்பு அப்படியேதான் இருக்கும், குறைவது நெஞ்சுவலி.

என் அப்பாவுக்கு பைபாஸ் ஆகி 12 வருடம். மறுபடி அடைப்பு, இன்னொரு ஆபரேஷன் முடியாது என்றார்கள். மாடிப்படியில் பாதியில் நின்று, சட்டைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தேடுவார். பிறகுதான் இதற்குப் போனோம். தினம் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், 7 வாரம். கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று பட்டைகளைச் சுற்றுகிறார்கள். இசிஜியை வைத்து, இதயம் விரியும் நேரத்தில் கீழிருந்து மேலாக அவை உப்பும். சுருங்கும் முன் சட்டென்று தளரும். உடம்பே குலுங்கும். முதல் நாள் அப்பா கட்டில் கம்பியை விடவே இல்லை. அப்புறம் பழகிவிட்டது. ஐந்தாவது வாரம், நிற்காமல் மாடி ஏறினார்.

1999ல் வெளியான ஆய்வில் 139 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குப் பெயரளவில் லேசான அழுத்தம் மட்டும் கொடுத்து ஒப்பிட்டார்கள். முழு அழுத்தம் பெற்றவர்களுக்கு வலி வருவது குறைந்தது.

காலில் ரத்தக்கட்டு, மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கம், மகாதமனி வால்வில் பெரிய கசிவு இருந்தால் இது ஆகாது. அப்பாவுக்கும் எக்கோ, கால் ஸ்கேன் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள்.